நம்ம நாட்டுத் துணிதான் வேணுமா? ஒரு தையல்காரி சொல்றதைக் கேளுங்க

தர்மபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை, எப்போதாவது ஆண்கள் சட்டை. "அக்கா, இனிமே நம்ம நாட்டுத் துணி மட்டும்தான் எடுக்கப் போறேன், எப்படிப் பார்த்து எடுக்கறது?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதுக்காக?

பணம் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றா? நெய்தவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும் என்றா? ஆற்றுத் தண்ணீர் கெடக்கூடாது என்றா? தைத்த பெண்ணை ஒழுங்காக நடத்தியிருக்க வேண்டும் என்றா? எல்லாமே நியாயமான ஆசைதான். ஆனால் நாலும் ஒரே துணியில் வேண்டும் என்று கடைக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். சேலைக்கு எதைப் பார்ப்பது, லுங்கிக்கு எதைப் பார்ப்பது, குழந்தை ஜட்டிக்கு எதை விட்டுக்கொடுப்பது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரெடிமேடில் லேபிளைப் பாருங்கள்

கழுத்துப்பட்டியில் இருப்பது கம்பெனிப் பெயர். அதை நம்பாதீர்கள். இடுப்புப் பக்கம் உள் தையலில் சின்னதாக ஒரு பட்டி தொங்கும், சங்கதி அதில்தான் இருக்கும். வெளிநாட்டுப் பெயர் போட்ட டி-சர்ட்டில் 'மேட் இன் இந்தியா' என்று இருக்கும், திருப்பூரில் தைத்ததாக இருக்கலாம். நம் நாட்டுக் கம்பெனி என்று நினைத்து எடுத்த சட்டையில் பங்களாதேஷ் என்று இருக்கும். இறக்குமதி செய்த துணி என்றால் எந்த நாட்டில் தயாரானது என்று போட்டாக வேண்டும் என்பது சட்டம். கடைக்காரர் லேபிளை வெட்டிவிட்டு விற்றால் வேறு கடை பாருங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். 'மேட் இன் இந்தியா' என்றால் உடுப்பு இங்கே தயாரானது என்றுதான் பொருள். நூல் எங்கிருந்து வந்தது, சாயம் எங்கே ஏறியது என்பதெல்லாம் அதில் வராது. பட்டன், ஜிப் வரை தோண்டிக்கொண்டு போனால் பைத்தியம்தான் பிடிக்கும். ஒய்கேகே ஜிப் ஜப்பான் கம்பெனியுடையது, ஆனால் ஹரியானாவில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. அந்த ஜிப் நம்ம நாட்டுதா, இல்லையா? நான் அங்கே போய் நிற்க மாட்டேன்.

பர்கூர்ச் சேலை

நம் பக்கம் சேலை என்றாலே பர்கூர்தான். குட்டி சூரத் என்று சொல்கிற ஊர். கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் வரிசையாக ஜவுளிக்கடை. அங்கே குவிந்திருக்கும் சேலையில் பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிற பாலியஸ்டர். சூரத் குஜராத்தில் இருக்கிறது, ஆகவே உள்நாட்டுத் துணிதான், அதில் சந்தேகமில்லை. உங்கள் கணக்கு அதோடு முடிகிறது என்றால் தாராளமாக எடுங்கள். கைத்தறி நெசவாளருக்கு உதவுகிறேன் என்று நினைத்து எடுத்தால் அது வேறு கதை.

நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். துவைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது, விலையும் கையைக் கடிக்காது. இதற்காக அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டும் என்பது மட்டும்தான் குறை.

நூலைக் கொளுத்திப் பாருங்கள்

'பியூர் காட்டன்' என்று எழுதி ஒட்டியிருப்பதையெல்லாம் நம்ப முடியாது. வெட்டுத்துணி எடுத்தால் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல் உருவிக்கொள்ளுங்கள். பாவு, அதாவது நீளவாக்கு நூல், பாலியஸ்டராகவும் ஊடை, அதாவது குறுக்குவாக்கு நூல், பருத்தியாகவும் இருக்கிற துணி நிறைய. ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

நூலை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி கபக்கென்று பிடித்து எரியும், காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டதும் பொடியாகும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி உருகும். அணைந்ததும் நுனியில் கறுப்பாக ஒரு மணி நிற்கும், நகத்தால் அழுத்தினாலும் நசுங்காது. சூடு ஆறும்வரை தொடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும். பட்டு என்றால் தலைமுடி கருகுகிற நாற்றம் அடிக்கும், கரியைத் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

இந்தச் சோதனையில் தப்பித்துவிடுகிற ஒன்று ரேயான். அதுவும் பருத்தி மாதிரியே எரியும். அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. நூலை நனைத்து இரண்டு கையாலும் இழுங்கள். ரேயான் நனைந்தால் பலம் போய்ப் பட்டென்று அறும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். குர்த்தித் துணி எடுக்கும்போது இது கட்டாயம், அதில்தான் ரேயானைப் பருத்தி என்று சொல்லிவிடுவது அதிகம்.

கைத்தறி, விசைத்தறி

ஓரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று பலரும் சொல்வார்கள். விசைத்தறியிலும் துணியை இழுத்துப் பிடிக்க முள் வைத்த உருளை உண்டு, அதுவும் துளை போடும். அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஓரம் முழுக்கக் குஞ்சம் மாதிரி வெட்டுநூல் நீட்டிக்கொண்டிருந்தால் அது நாடா (ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற கட்டை) இல்லாத நவீனத் தறியில் ஓடியது, கைத்தறி இல்லை. இந்த ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். மற்றபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கைத்தறியில் ஊடை அங்கங்கே கொஞ்சம் நெருங்கியும் விலகியும் இருக்கும். ஆனால் கை தேர்ந்த நெசவாளி நெய்ததில் அதுகூடத் தெரியாது.

அதனால் முத்திரையைப் பாருங்கள். 2006இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். 1935இலிருந்து இயங்குகிற கோ-ஆப்டெக்ஸ் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்கிறது, அங்கே இந்தக் குழப்பம் குறைவு. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அதையும் மீறி விசைத்தறிச் சேலை கைத்தறிப் பெயரில் வருவது ஊருக்கே தெரியும். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம். அதையொட்டி நடக்கும் கண்காட்சிகளில் நெய்தவர்களே வந்து நிற்பதுண்டு. "ஒரு சேலை நெய்ய எத்தனை நாள் ஆகும், கூலி எவ்வளவு?" என்று அவர்களிடமே கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.

கதரில் இன்னொன்று. கதர்க் கடையில் இருப்பதெல்லாம் பருத்தி இல்லை. பாலிவஸ்திரா என்று ஒரு ரகம் உண்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர். கையால் நூற்று நெய்ததுதான், ஆனால் பிளாஸ்டிக் வேண்டாம் என்று போகிறவருக்கு ஆகாது.

அதற்காக விசைத்தறியை விரோதியாக்க வேண்டியதில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் எடப்பாடியிலும் நாலைந்து தறி வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்டுகிற குடும்பங்களும் நம் ஜனங்கள்தான். கூலி உயர்வு கேட்டு அவர்கள் தறியை நிறுத்துவது புதிதில்லை. வீட்டுக்காரருக்கு லுங்கி, துண்டு எடுக்கும்போது எனக்கு எந்த உறுத்தலும் கிடையாது.

பட்டு

தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மல்பெரி வைத்துப் புழு வளர்க்கிற குடும்பங்கள் ஏராளம். அதனால் பட்டு எடுத்தால் நம் விவசாயிக்குப் போகும் என்று நினைக்கத் தோன்றும். போகலாம், போகாமலும் இருக்கலாம். இந்தியா சீனாவிலிருந்து கச்சாப் பட்டு இறக்குமதி செய்கிறது. 'சில்க் மார்க்' அட்டை சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும்தான் சாட்சி. எந்த நாட்டு நூல், கைத்தறியா விசைத்தறியா என்பதை அது சொல்லாது. கல்யாணச் சேலை எடுக்கும்போது கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள்: "பாவு எந்த ஊர் நூல், ஊடை எந்த ஊர் நூல்?" பதில் தெரிந்தவர் உடனே சொல்வார். தெரியாதவர் "மேடம், புது டிசைன் பாருங்க" என்பார். கூட்டுக்குள் புழு இருக்கும்போதே அவிக்கிறார்கள் என்பதால் பட்டே வேண்டாம் என்கிற வள்ளலார் பக்தர் குடும்பம் ஒன்று என்னிடம் தைக்கிறது. அவர்களுக்கு நான் காட்டன் சேலைதான் சொல்வேன்.

தைத்தவர்கள், சாயம்

லேபிள் வாயே திறக்காத இடம் இது. நம் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு இது செய்தி இல்லை, வீட்டுக் கதை. மூன்று வருடம் நூல் மில்லில் இருந்தால் கடைசியில் மொத்தமாகப் பணம், கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி 'சுமங்கலி திட்டம்' என்ற பெயரில் அழைத்துப் போனார்கள். எங்கள் தெருவிலிருந்தும் போனார்கள். ஒரு பிள்ளை உடம்பு முடியாமல் நடுவிலேயே திரும்பி வந்தது, சொன்ன தொகை கைக்கு வரவில்லை. அந்த நூலும் இந்திய நூல்தான். ஆகவே உள்நாட்டுத் துணி என்றாலே நியாயமான துணி என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன்.

தண்ணீர்க் கதையும் அப்படித்தான். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. சாயமே வேண்டாம் என்பவர்களுக்குக் காடாத்துணி இருக்கிறது. பாவாடைக்கும் பைக்கும் அருமையாக இருக்கும். ஒரு இரவு ஊறவைத்து, காய்ந்த பிறகு தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும்.

தைத்தவரின் முகம் தெரிய வேண்டும் என்றால் வெட்டுத்துணி எடுத்து உள்ளூரில் தைப்பதுதான் ஒரே வழி. இதில் எனக்கு லாபம் இருக்கிறது, மறைக்கவில்லை. பக்கத்துத் தெருத் தையல்காரரிடம் கொடுத்தாலும் சரிதான். பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள்தான் தைக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் வெளித் தையலும் எடுப்பார்கள், விசாரியுங்கள். கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம். லைனிங் துணியையும் நீங்களே எடுத்து வாருங்கள். கைத்தறிச் சேலைக்கு பாலியஸ்டர் லைனிங் போட்ட பிளவுஸ் போடுகிறவர்களைத் தினம் பார்க்கிறேன்.

நூலும் பருத்தி நூலாகவே வேண்டும் என்று ஒரு டீச்சர் கேட்டார். மோட்டார் மெஷினில் அது அடிக்கடி அறுகிறது, நான் போடுவது பாலியஸ்டர் நூல்தான். முன்கூட்டிச் சொன்னால் மிதி மெஷினில் பருத்தி நூல் போட்டுத் தருகிறேன், கூலி கொஞ்சம் கூடும். ஐப்பசி பிறந்த பிறகு வந்து கேட்காதீர்கள், அப்போது பிளவுஸ் கொக்கி வைக்கவே எனக்கு நேரம் இருக்காது.