பஃப்பேர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அம்பாசமுத்திரம் டீக்கடையில் ஓர் அண்ணாச்சி போனை நீட்டினார். "மாஞ்சோலையில எடுத்ததாம் தம்பி, என்ன பறவை?" பெரிய தலை, குட்டைக் கழுத்து, பஞ்சடைத்த மாதிரி உப்பிய உடம்பு. பஃப்பேர்டு! மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரைதான் அந்தப் பறவைக் குடும்பம் வாழ்கிறது. ஆசியாவில் ஒன்றுகூடக் கிடையாது. யாரோ படத்தில் நம்ம ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பெயர் தேடும் முன் எந்த ஊர் என்று விசாரிக்காததுதான் முதல் தவறு.

தலை பருத்திருப்பதை வைத்து நம்ம குக்குறுவானோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. படித்தவர்களே சறுக்கிய இடம் இது. 1776-ல் செம்மார்புக் குக்குறுவானுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, இன்று பஃப்பேர்டுகளுக்கு உரிய 'புக்கோ' பேரினத்தில்தான் (நெருங்கிய இனங்களின் தொகுதி) சேர்த்தார்கள். ஆனால் குக்குறுவான் ஆலம்பழம், அத்திப்பழம் தின்னும். பஃப்பேர்டுக்கு முக்கியமாகப் பூச்சியும் சின்னப் பல்லியும்தான்.

அசையாமல் மணிக்கணக்கில் கிளையில் உட்கார்ந்திருப்பதால் அதைச் சோம்பேறி என்பார்கள். எனக்கு இது ஒப்பாது. காத்திருப்பதே அதன் வேட்டை. கண்ணில் பட்டதும் ஒரே பாய்ச்சல், இரையோடு திரும்பிக் கிளையில் அடித்துக் கொன்று விழுங்கும். நம்ம பச்சைப் பஞ்சுருட்டானும் மின்கம்பியில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறது. இரண்டும் மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். சில பஃப்பேர்டுகள் மரத்துக் கறையான் கூட்டையும் குடைந்துகொள்ளும்.

அப்படியானால் சொந்தமா? இல்லை. காலைப் பாருங்கள்: பஃப்பேர்டுக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு, மரங்கொத்தி மாதிரி. பஞ்சுருட்டானுக்கு முன்னால் மூன்று, அதிலும் அடியில் ஒட்டியவை. பழக்கத்தை வைத்து உறவு சொன்னால் தப்பாகிவிடும். உறவில் பஃப்பேர்டு குக்குறுவான், மரங்கொத்தி பக்கம்தான் நிற்கிறது.

கடைசித் தவறு நான் செய்தது. தாமிரபரணிக் கரையில், மண்சரிவில் பஞ்சுருட்டான் வளை ஒன்று. உள்ளே நாலைந்து அடிகூடப் போகும். படம் எடுக்க வாசலுக்கு நேரே உட்கார்ந்துவிட்டேன். தாய்ப்பறவை அலகில் தட்டானைக் கவ்விக்கொண்டு உடைமரத்தில் வாலை ஆட்டியபடி நின்றது. உள்ளே போகவே இல்லை. நான் எழுந்து முப்பதடி தள்ளிப் போன பிறகுதான் தட்டான் குஞ்சுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.