அப்கிரேடுக்குப் பின் பிஎம்இ280 சென்சார் பேசவில்லையா?

ஊட்டிப் பசுமைக்குடிலில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை புக்வோர்ம் இயங்குதளப் பதிப்புக்கு மாற்றியதும் ஈரப்பதக் கணக்கு நின்றுவிட்டால், ஈரப்பதமும் காற்றழுத்தமும் அளக்கும் பிஎம்இ280 சென்சாரை உடனே குறை சொல்லாதீர்கள். கான்ஃபிக் கோப்பு இப்போது /boot/firmware கோப்புறையில் இருக்கிறது. பழைய இடத்தில் திருத்திப் பலனில்லை. ஐ2சி-ஐ (சென்சாரும் பையும் பேசிக்கொள்ளும் இணைப்பு) இயக்கும் வரியைப் புதிய கோப்பில் சேர்த்து ரீபூட் செய்யுங்கள்.

அடுத்து ஐ2சி-டிடெக்ட் (i2cdetect) கட்டளையால் பஸ் 1-இல் சென்சாரின் முகவரியைத் தேடுங்கள். 76 அல்லது 77 தெரிந்தால் வயரிங் சரி. அந்த இடத்தில் இரண்டு 'யூ' (UU) வந்தால் இயங்குதளத்தின் கெர்னல் டிரைவரே சிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது; அளவுகளை அந்த டிரைவர் எழுதும் ஐஐஓ (iio) கோப்புறையில் படியுங்கள். எதுவுமே தெரியவில்லையா? மூடுபனி ஊரில் பின்களில் பச்சை பூத்திருக்கும், பவரை நிறுத்தித் துடையுங்கள்.

சென்சாரின் அடையாள எண்ணான சிப் ஐடி, ஹெக்ஸில் 60 என்று வர வேண்டும். 58 வந்தால் அது பிஎம்பி280. ஈரப்பதம் பார்க்கவே தெரியாது (கடைகளில் இந்தக் குழப்பம் சகஜம்).

காற்றழுத்தம் 780 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி வந்தால் பயம் வேண்டாம், 2,240 மீட்டர் உயரத்துக்கு அதுதான் கணக்கு. 1013 காட்டினால்தான் நிரலைச் சந்தேகப்படுங்கள்: கடல்மட்டத் திருத்தத்தைச் சேர்த்திருக்கும்.