பல்லவன் இருட்டில்தான் போகும்: செட்டிநாட்டில் ரயில் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக் கேமரா வாங்கிய வாரம், பல்லவன் எக்ஸ்பிரஸைப் படம் எடுக்கக் காரைக்குடி ஜங்ஷனுக்குப் போனேன். நிதானமாக எழுந்து, காபி குடித்து, வெயில் நன்றாக ஏறிய பிறகு. பிளாட்பாரம் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "பல்லவனா? அது விடியிறதுக்கு முன்னாடியே போயிருச்சே தம்பி" என்றார். சரி, திரும்பி வரும்போது பிடிக்கலாம் என்று பார்த்தால், அது ஊர் வந்து சேர்வது ராத்திரியில். திருச்சியோடு நின்றிருந்த வண்டியை 2013-இல் காரைக்குடி வரை நீட்டினார்கள். ஊர்க்காரர்கள் பகலில் சென்னைக்குப் போய்த் திரும்ப வசதியாக ஓடுகிறது. என் கேமராவுக்காக நேரத்தை மாற்றுவார்களா என்ன?

முதல் தவறு இதுதான்: வண்டியின் பெயரைப் பார்த்து ஆசைப்படுவது, நேரத்தைப் பார்க்காமல் கிளம்புவது. இங்கே பேர்போன வண்டிகள் எல்லாம் இருட்டுக்குச் சொந்தம். போட் மெயில், சேது, சிலம்பு மூன்றும் காரைக்குடியைக் கடக்கும்போது ஊர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும், அல்லது தூங்கத் தயாராகிக்கொண்டிருக்கும். பகலில் கிடைப்பவை திருச்சி, விருதுநகர் பக்கத்துப் பாசஞ்சர்கள், திருவாரூர் டெமு என்ற டீசல் பாசஞ்சர், வாரத்துக்கு ஒருமுறை ராமேஸ்வரம் போகும் வடநாட்டு வண்டிகள், எப்போதாவது ஒரு கூட்ஸ். எழும்பூரிலோ அரக்கோணத்திலோ நின்று பழகியவர்களுக்கு இது பஞ்சம் மாதிரித் தெரியும். ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாப்பாட்டையே முடித்துவிடலாம். "இதை விட்டால் இன்னைக்கு வேற இல்லை" என்ற தவிப்பு அப்போதுதான் வரும். நான் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் அந்தத் தவிப்பில் செய்தவைதான்.

வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் போன் ஆப்பை வேதவாக்காக நம்புவது அடுத்தது. செட்டிநாடு ஸ்டேஷனில் ஒருநாள் காத்திருந்தேன். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில், மரமும் நிழலுமாக அமைதியான நிலையம். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்றது போன். டீ குடித்துவிட்டு வரலாம் என்று ஊருக்குள் போனேன். கிளாஸில் பாதி இருக்கும்போதே ஹாரன் கேட்டது. ரயில் அட்டவணையில் ஆங்காங்கே கூடுதல் நிமிடங்கள் வைத்திருப்பார்கள், தாமதத்தை ஈடுகட்டுவதற்காக. டிரைவருக்குப் பாதை தடையில்லாமல் கிடைத்தால் அந்த நிமிடங்களைத் தின்றுவிட்டு வந்து நிற்பார். தாமதமான வண்டி தாமதமாகவேதான் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆப் சொல்லாத இன்னொன்று கிராஸிங், அதாவது வண்டிகள் ஒன்றையொன்று கடப்பது. இது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஏதாவது ஸ்டேஷனின் லூப்பில், அதாவது பக்கப் பாதையில், ஒதுங்கி நின்றால்தான் மற்றது போக முடியும். எக்ஸ்பிரஸ் தாமதம் என்றால் பாசஞ்சர் வழக்கமான இடத்தில் கிராஸிங்குக்கு நிற்காது. திருமயத்திலோ செட்டிநாட்டிலோ தேவகோட்டை ரோட்டிலோ எங்கே சந்திக்கும் என்பது மாறிவிடும். போனில் இரண்டு வண்டிகளையும் பார்த்து, இடையில் எந்த ஸ்டேஷன் என்று மனக்கணக்குப் போடப் பழகுங்கள். ஒரே படத்தில் இரண்டு வண்டி கிடைப்பது அப்படித்தான். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் படத்தை விட அந்தக் கணக்குதான் பிடிக்கும். அது சரியாக வந்த நாளில் படம் சொதப்பினாலும் வருத்தமில்லை.

கூட்ஸ் வண்டி பயணிகள் ஆப்பில் வரவே வராது. அதற்குக் கேட் கீப்பரின் கேட் மூடுகிறதா, ஸ்டேஷனுக்குள் வர வழிவிடும் ஹோம் சிக்னல் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. இதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நீட்டாதீர்கள். அவர் பார்ப்பது உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

இனி வெளிச்சம். திருமயத்திலிருந்து காரைக்குடி வரை பாதை ஏறக்குறைய வடக்குத் தெற்காகப் போகிறது, காரைக்குடி தாண்டினால் தென்மேற்காகச் சாய்கிறது. ஆகவே காலையில் பாதைக்குக் கிழக்கே, மாலையில் மேற்கே நிற்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பீர்கள். ஆனால் டீக்கடையும் நிழலும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே நின்று, கறுத்துப்போன வண்டி முகங்களாக எத்தனை நூறு படம் எடுத்திருக்கிறேன் தெரியுமா?

மாதமும் முக்கியம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலும் ஆவணியிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும். வண்டியின் கண்ணாடிக்குக் கீழே முழுக்க நிழல் விழும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அப்போது மானாமதுரைப் பக்கம் போகும் வண்டியின் முகத்தில் நடுப்பகலில்கூட வெளிச்சம் விழும். திருச்சிப் பக்கம் போகும் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பக்கவாட்டில்தான் எடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து கேமராவோடு வருபவர்களுக்கு நான் சொல்வது, மார்கழியில் வாருங்கள் என்றுதான். பனிமூட்டம் இருந்தால் அதுவும் லாபம்.

அக்னி நட்சத்திர நாட்களில் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். காலை ஒன்பதைத் தாண்டினாலே ஜல்லியின் மேல் கானல் ஆடத் தொடங்கும். தூரத்து வண்டியை இழுத்துப் பிடித்தால் என்ஜின் தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும். நான் லென்ஸ் பழுது என்று நினைத்து மதுரை வரை கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் சுவரிலிருந்த காலண்டரைப் படம் எடுத்துக் காட்டினார், ஒரு சுருக்கம்கூட இல்லை. லென்ஸில் கோளாறு இல்லை, வெயிலில்தான். வண்டி பக்கத்தில் வரும்வரை பொறுத்திருந்தால் போதும்.

ஷட்டர் வேகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் நகர்கிறது. ஷட்டரை வினாடியில் 250-இல் ஒரு பங்காக வைத்தால், திறந்து மூடுவதற்குள் வண்டி 10 சென்டிமீட்டர் ஓடிவிடும், எழுத்தெல்லாம் இழுபடும். ஆயிரத்தில் ஒரு பங்காக வைத்தால் இரண்டரை சென்டிமீட்டர்தான். அந்தி வெளிச்சத்தில் இது முடியாது என்றால், வண்டி நிற்கும் இடத்தில் எடுங்கள். ஃபிளாஷ் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய டிரைவரின் கண்ணில் அது அடிக்கும்.

மின்மயமான பிறகு சேர்ந்த தலைவலி மின்கம்பங்கள். ஒற்றைப் பாதையில் கம்பங்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வரிசையாகப் போகும். அந்தப் பக்கம் நின்றால் என்ஜின் நெற்றியில் ஒரு கம்பம் நிச்சயம். எதிர்ப்பக்கம் நில்லுங்கள். வெளிச்சமும் நாம் நிற்கும் பக்கமிருந்தே வரும் இடத்தை முதல்நாளே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் ஓடுவது 25,000 வோல்ட். தொட்டால்தான் ஆபத்து என்று நினைப்பதுதான் உயிரை வாங்கும் தவறு. நெருங்கினாலே பாயும், இரண்டு மீட்டருக்குள் உடம்போ பொருளோ போகக்கூடாது. நின்றிருக்கும் கூட்ஸ் பெட்டி மேல் ஏறி செல்ஃபி எடுக்கப் போய்க் கருகியவர்களின் செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஏற மாட்டேன் என்பவர்களும் கவனிக்க: மோனோபாட் என்ற ஒற்றைக்கால் கேமராத் தாங்கியை நீட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது, மேம்பாலத்தின் தடுப்பைத் தாண்டிச் செல்ஃபி குச்சியை நீட்டுவது, எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும்.

இன்னொரு மாற்றம் சத்தம். திருச்சி பொன்மலை ஷெட்டில் (என்ஜின் பராமரிக்கும் இடம்) இருந்து ஆல்கோ ரகப் பழைய டீசல் என்ஜின் வந்தால் முந்திய ஊரிலேயே கிளம்பிவிட்டது என்று காது சொல்லிவிடும். புகையும் தெரியும். மின்சார என்ஜின் அப்படி இல்லை, காற்று எதிராக அடித்தால் பக்கத்தில் வரும்வரை சத்தமே கேட்காது. ஒற்றைப் பாதையில் எந்தப் பக்கமிருந்தும் வரும் என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லல் பக்கம் ஒரு கேட்டருகே பாசஞ்சர் போன பிறகு கேமரா திரையில் படத்தைப் பார்த்தபடியே தண்டவாளத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். "தம்பீ, தள்ளி நில்லுங்க!" என்று கேட் கீப்பர் அண்ணன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தண்டவாளத்தைச் சோதிக்கும் கீமேன்தான் தள்ளுவண்டியோடு வந்தார், ரயில் இல்லை. ஆனாலும் அண்ணன் அன்றைக்குப் பேசிய பேச்சு நியாயமானது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அனுமதி இல்லாமல் நிற்பது குற்றமும்கூட. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. நிற்க வேறு இடமா இல்லை? மூடிய கேட்டுக்கு வெளியே சாலை, மேம்பாலத்தின் நடைபாதை, பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால். பத்து ரூபாய் பிளாட்பார டிக்கெட்டை மறக்காதீர்கள், இரண்டு மணி நேரம்தான் செல்லும். அதற்கு மேல் இருந்தால் இன்னொன்று எடுங்கள். பெரிய கேமராவைப் பார்த்ததும் போலீஸ்காரர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். காசுக்காக எடுக்கும் படப்பிடிப்புக்குத் தனி அனுமதி வேண்டும். கல்யாண ஜோடியைக் கூட்டிவந்து "சும்மா ரெண்டு படம் சார்" என்று சொல்லி நமக்கெல்லாம் கெட்ட பெயர் வாங்கித் தராதீர்கள்.

பைக்கில் வண்டியைத் துரத்துவது பற்றி. 2019-இல் காரைக்குடி–திருவாரூர் அகலப்பாதையில் டெமு ஓடத் தொடங்கியபோது பல கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. கேட் கீப்பர்கள் வண்டியிலேயே பயணம் செய்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டை மூடுவார், வண்டி தாண்டி மறுபடி நிற்கும், பின்னால் இருப்பவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். பயணிகளுக்கு நரகம், எங்களுக்குக் கொண்டாட்டம். கண்டனூர் புதுவயலில் ஒரு படம் எடுத்துவிட்டுச் சாவகாசமாகப் போனாலும் அடுத்த கேட்டில் முன்கூட்டி நிற்கலாம். அந்தப் பழக்கத்தில் இப்போதும் துரத்துபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். போகிற வழியில் சீமைக்கருவேல முள் டயரில் ஏறினால் அதுவும் கிடையாது.

மனிதர்களைப் படம் எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். தேவகோட்டை ரோட்டில் பெஞ்சில், ஓலைக் கொட்டானை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியை வண்டியோடு சேர்த்துக் கேட்காமலே எடுத்தேன். "எதப்பா புடிச்சே, ரயிலையா என்னையா?" என்று சிரித்தார். ரெண்டும்தான் ஆச்சி என்றேன். அழித்துவிடச் சொன்னார், அழித்துவிட்டேன். நல்ல படம்தான், இருந்தாலும் அவருடைய முகம் அவருடையது.

படத்துக்குக் கீழே எழுதும் தகவலில் வரும் தவறுகள் தனி ரகம். ராமேஸ்வரம் போகிற எல்லாமே போட் மெயில் இல்லை. சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுற்றி வருவது போட் மெயில், விருத்தாசலம் வழியாகக் குறுக்கே வருவது சேது. திருச்சிக்குப் பிறகுதான் இரண்டும் நம் பாதைக்கு வருகின்றன. தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போன காலத்தில் வந்த பெயர்தான் போட் மெயில். 1964 புயலோடு தனுஷ்கோடி ரயில் போய்விட்டது, பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ஜின் எண்ணையும் அதன் மேல் எழுதியிருக்கும் ஷெட் பெயரையும் அங்கேயே குறித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தால் 3-ஆ 8-ஆ என்று மண்டை காயும். கேமராவின் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். என் முதல் ஆறு மாதப் படங்கள் தேதி தப்பாக இருப்பதால், எது எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது.

கடைசியாக, என்ஜின் போனதும் கேமராவைப் பைக்குள் போடுவது. வண்டியின் கடைசிப் பெட்டியில் பெருக்கல் குறி மாதிரி மஞ்சள் அடையாளமும், மினுக்கும் சிவப்பு விளக்கும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் வண்டி முழுசாக வந்துவிட்டது, நடுவில் எதுவும் கழன்று நிற்கவில்லை என்று ஸ்டேஷனில் உறுதி செய்துகொள்வார்கள். செம்மண் புழுதி அடங்குவதற்குள் அந்தச் சிவப்பு சிறிதாகிக்கொண்டே போவது நல்ல படம். கார்டு என்று நாம் சொல்லிப் பழகியவரை 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்கிறார்கள். அவர் பெரும்பாலும் வாசலில் நின்றிருப்பார், நாம் கை ஆட்டினால் பதிலுக்கு ஆட்டுவார். அந்தக் காட்சியில் என்னிடம் ஒரு படம்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் நானும் கை ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.