கருவிழியில் பூஞ்சைத் தொற்று: சொட்டு மருந்து போடும் முறை

செடி வெட்டும்போது இலையோ குச்சியோ கண்ணில் பட்டு, சில நாளில் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பெங்களூரில் மின்டோ கண் மருத்துவமனைக்கு உடனே போங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு போடவே வேண்டாம். சிவப்பு குறையும், ஆனால் பூஞ்சை ஆழமாக இறங்கும். மருத்துவர் அந்தப் புண்ணைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும்.

வழக்கமாக 5% நேட்டாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்து தருவார்கள். மருந்து அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். முதல் 2 நாள் மணிக்கொரு சொட்டு, ராத்திரியும் அலாரம் வைத்து. கீழிமையை இழுத்து ஒரே சொட்டு. வேறு சொட்டு மருந்தும் இருந்தால் அதற்கு 5 நிமிட இடைவெளி. புண்மேல் வெள்ளையாகப் படிவது மருந்தாகவும் இருக்கலாம், தேய்க்காதீர்கள். வலி குறைந்ததென்று நிறுத்தினால் திரும்ப வரும்; வாரக்கணக்கில் போட வேண்டியிருக்கும். திடீரெனத் தண்ணீர் கொட்டி பார்வை மங்கினால் கருவிழி ஓட்டையாகியிருக்கலாம்; கண்ணை அழுத்தாமல் அப்போதே கிளம்புங்கள்.