ரீஸ்டார்ட் கொடுப்பதற்கு முன்

இரவு ஓடும் ஜாப் (தரவை ஓரிடத்திலிருந்து எடுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றும் நிரல்) பாதியில் விழுந்தால் கை தானாக ரீஸ்டார்ட் பட்டனுக்குத்தான் போகும். நானும் ஒருமுறை அப்படி அழுத்தியிருக்கிறேன். விற்பனைத் தரவை ஏற்றும் ஜாப் அது. மொத்தம் 10 லட்சம் வரிசைகள், 10,000-க்கு ஒரு கமிட், அதாவது எழுதியதை நிரந்தரமாக்குவது. 4 லட்சத்து 30 ஆயிரத்தில் இணைப்பு அறுந்தது. ரீஸ்டார்ட் கொடுத்தேன், வெற்றி என்று பச்சை வந்தது, படுத்துவிட்டேன். காலையில் டேபிளில் 14 லட்சத்து 30 ஆயிரம் வரிசைகள் இருந்தன. பிரைமரி கீ (ஒரே வரிசை இருமுறை வராமல் தடுக்கும் அடையாளம்) இல்லாத டேபிள் என்பதால் தரவுத்தளமும் தடுக்கவில்லை. எது முதல் ஓட்டத்தில் வந்தது, எது இரண்டாவதில் வந்தது என்று பிரிக்கவும் வழியில்லை.

அன்றிலிருந்து ஜாப் விழுந்தால் நான் முதலில் பார்ப்பது லாக் (ஜாப் எழுதும் ஓட்டப் பதிவு) அல்ல, தரவு போய்ச் சேரும் டார்கெட் டேபிளைத்தான். விழுவதற்கு முன் அது எவ்வளவு எழுதியது? அந்தப் பதில் கையில் இல்லாமல் எதையும் அழுத்துவதில்லை.

அப்புறம் லாக். கடைசி வரியை மட்டும் பார்த்தால் போதாது. முதல் பிழை எங்கே வந்தது என்று மேலே போய்த் தேடுங்கள். நேரம் போனால் தானாகச் சரியாகும் பிழையா, ஆள் கை வைக்க வேண்டிய பிழையா என்பதை அங்கேதான் முடிவு செய்ய வேண்டும். எச்டிடிபி 503 (சர்வர் தற்காலிகமாக இயலாத நிலை), 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்), டெட்லாக் (இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்பது), டைம்அவுட் எல்லாம் முதல் வகை. தரவு வரும் மூலத்தில் ஒரு காலத்தின் (column) பெயர் மாறியது, பாஸ்வேர்டு காலாவதியானது எல்லாம் இரண்டாம் வகை. தவறான பாஸ்வேர்டோடு ஐந்து முறை ரீட்ரை (மறுமுயற்சி) செய்தால் கணக்கே முடக்கப்பட்டு, அதே கணக்கில் ஓடும் மற்ற ஜாப்களும் நின்றுபோகலாம். ஜாப் முடியும்போது தரும் எக்ஸிட் கோடு 137 என்று வந்தால் பிராசஸ் வெளியிலிருந்து கொல்லப்பட்டிருக்கிறது என்று பொருள் (128 + சிக்னல் 9, அதாவது கட்டாய நிறுத்தம்). பெரும்பாலும் மெமரி தீர்ந்திருக்கும். மெமரியைக் கூட்டாமல் மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் விழும்.

முதல் வகைக்குத் தானியங்கி ரீட்ரை போதும். 3 முறை, இடைவெளி 1, 2, 4 நிமிடம் என்று இரட்டிக்கட்டும். ஜாப்களை நேரப்படி ஓட்டும் ஏர்ஃப்ளோ மென்பொருளில் இதற்கு அமைப்பு உண்டு. இடைவெளியில் சில நொடிகள் முன்பின்னாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்றாக விழுந்த 20 ஜாப்களும் ஒரே நொடியில் எழுந்து, மீண்டு வரும் சர்வரை மறுபடி சாய்த்துவிடும்.

ஆனால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவு வரும்படி ஜாப் எழுதப்பட்டிருந்தால்தான் ரீட்ரை பாதுகாப்பானது. நான் செய்வது இது. ஒவ்வொரு வரிசையிலும் எந்த நாளுக்கான லோடு என்ற தேதி இருக்கும். ஜாப் முதலில் அந்தத் தேதியின் வரிசைகளை டெலீட் செய்யும், பிறகு இன்சர்ட் செய்யும். இரண்டும் ஒரே டிரான்சாக்ஷனில், அதாவது முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரு தொகுப்பில். நடுவில் விழுந்தால் இரண்டுமே பின்வாங்கும். டெலீட்டுக்குப் பதில் டிரங்கேட் (டேபிளை மொத்தமாகக் காலி செய்வது) போடும்போது கவனம் வேண்டும்: ஆரக்கிளிலும் மைஎஸ்கியூஎல்லிலும் டிரங்கேட் உடனே கமிட் ஆகிவிடும். அடுத்து வரும் இன்சர்ட் விழுந்தால் காலி டேபிள்தான் மிஞ்சும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் டிரங்கேட்டையும் ரோல்பேக் செய்யலாம், அதாவது பின்வாங்கலாம்.

அந்தத் தேதியை வெளியிலிருந்து பாராமீட்டராகக் கொடுங்கள். கோடுக்குள் 'இன்றைய தேதி' என்று எழுதியிருந்தால், இரவு 11.50-க்கு விழுந்த ஜாப் நள்ளிரவு தாண்டி 12.10-க்கு எழும்போது வேறு நாளின் தரவைத் தேடிப் போகும். பிழையே வராது, பச்சைதான் வரும். அதனால்தான் இந்தத் தவறு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கவலை தருகிறது. 'கடைசியாக எதுவரை எடுத்தோம்' என்ற வாட்டர்மார்க்குக்கும் இதே அக்கறை தேவை. தரவு கமிட் ஆகும் அதே டிரான்சாக்ஷனில்தான் அது நகர வேண்டும். முன்னாலேயே நகர்ந்தால் அந்த இடைவெளியில் இருக்கும் வரிசைகள் இனி வரவே வராது.

விட்ட இடத்திலிருந்து தொடரலாமா? தரவு ஏற்றும் மென்பொருளான இன்ஃபர்மேட்டிகாவில் கடைசி செக்பாயிண்டிலிருந்து (எதுவரை முடிந்தது என்று சேமித்த இடம்) தொடரும் வசதி இருக்கிறது. ஆனால் நாமே எண்ணித் தொடர்வதானால், மூலம் ஒவ்வொரு முறையும் மாறாத அதே ஒழுங்கில் தரவைத் தர வேண்டும். ஆர்டர் பை (ஒழுங்குபடுத்தும் கட்டளை) இல்லாத குவெரியில் முதல் 4 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டிப் போவது என்பது, எந்த 4 லட்சத்து 30 ஆயிரம் என்று தெரியாமல் தாண்டுவது. அரை மணி நேரத்தில் முடியும் ஜாப் என்றால் நான் செக்பாயிண்ட் பக்கமே போகமாட்டேன், தொடக்கத்திலிருந்து ஓட்டிவிடுவேன்.

சரி, ஓடி முடிந்துவிட்டது. மூலத்திலும் டார்கெட்டிலும் வரிசை எண்ணிக்கையையும் தொகை இருக்கும் காலத்தின் (column) கூட்டலையும் ஒப்பிடுங்கள். அரைகுறைத் தரவைப் படித்து ஏற்கெனவே ஓடிவிட்ட அடுத்த கட்ட ஜாப்கள் இருந்தால் அவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

புதிய ஜாப்பை புரொடக்ஷனுக்கு அனுப்பும் முன் டெஸ்ட் சூழலில் அது பாதி ஓடும்போது நானே கில் -9 (உடனே கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) கொடுப்பேன். திரும்ப ஓட்டுவேன். முடிந்த பிறகு, தடங்கலின்றி ஓடிய டேபிளோடு ஒப்பிடுவேன். ஒரு வரிசை கூடினாலும் குறைந்தாலும் அந்த ஜாப் மறுபடி என் மேசைக்குத்தான் வரும்.