மாலா-என் கருத்தடை மாத்திரை போடும் முதல் 3 மாதம்

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள் முதலில் சொல்வது குமட்டலைத்தான். வெறும் வயிற்றில் போடாதீர்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் முன் போடுங்கள். நடுவில் திட்டுத் திட்டாக ரத்தம் பட்டால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் சரியாகிவிடும். நேரம் தவறினால் அது கூடும், செல்போனில் அலாரம் வையுங்கள்.

அப்புறம், அட்டையில் ஹார்மோன் மாத்திரை 21. மீதி 7 பழுப்பு மாத்திரையும் இரும்புச்சத்து. பலர் அதைத் தூக்கிப் போடுகிறார்கள், எனக்கு மனசே ஆறாது. மலம் கறுத்துப் போகும், அவ்வளவுதான்.

மார்பு வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கண் மங்கலோடு கடும் தலைவலி: இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்துங்கள். விடியட்டும் என்று பொறுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.