ஹெம்ப் விதைப் பாக்கெட்டுக்கு லேபிள் தயாரிப்பது எப்படி?

தோல் நீக்கிய ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சாச் செடி வகை) விதையை 250 கிராம் பாக்கெட்டுகளில் அடைத்து விற்பதற்காக நான் முதன்முதலில் லேபிள் தயாரித்தபோது, அச்சடித்தவற்றை இரண்டு முறை கிழித்துப் போட நேர்ந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்தச் செலவாவது மிச்சமாகட்டும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். உணவு உரிமம் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், உங்கள் பொருள் உணவுதானா என்று பாருங்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது செடியின் பூ, காய் நுனிகளைத்தான். நுனி சேராத விதை அந்த வரையறைக்குள் வராது. விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் அறிவித்தது. இலை சேர்ந்த தயாரிப்பு என்றால் அது ஆயுர்வேத மருந்து உரிமத்தின் கீழ் வரும். மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டிய தனி லேபிள் அது. இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

அடுத்தது ஆய்வறிக்கை. நான் சறுக்கியது இங்கேதான். கஞ்சாச் செடியில் போதை தரும் வேதிப்பொருளின் பெயர் டிஎச்சி. விதை விற்றவர் தந்த தாளில் "டிஎச்சி 0.3 சதவீதத்துக்குக் குறைவு" என்றிருந்தது, அதை நம்பி லேபிளை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். 0.3 சதவீதம் என்பது வயலில் நிற்கும் பயிருக்கான வரம்பு. அதைக் கணக்கிட்டுப் பார்த்தால் கிலோவுக்கு 3,000 மில்லிகிராம் வருகிறது. உணவாக விற்கும் விதைக்கு அனுமதிக்கப்பட்டதோ கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான், அதாவது அறுநூறில் ஒரு பங்கு. பதறிப்போய் நானே ஓர் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினேன். "கண்டறியப்படவில்லை" என்று பதில் வந்ததும் நிம்மதியானேன். ஆனால் தாளின் அடியில், சிறிய எழுத்தில், அளவிடக்கூடிய குறைந்தபட்ச அளவு 0.01 சதவீதம் என்றிருந்தது. அது கிலோவுக்கு 100 மில்லிகிராம். மில்லிமீட்டர் கோடே இல்லாத அடிக்கோலால் நூலின் தடிமனை அளந்த கதைதான் அது.

எனவே மாதிரியை அனுப்பும் முன்பே ஆய்வகத்திடம் நான்கைக் கேட்டு வாங்குங்கள்: முடிவு கிலோவுக்கு மில்லிகிராமில் இருக்க வேண்டும், ஒரு மில்லிகிராம் வரையாவது அளக்க முடிய வேண்டும், டிஎச்சியின் முக்கிய வடிவமான டெல்டா-9 டிஎச்சியோடு அதன் அமில வடிவமான டிஎச்சிஏவும் சேர்ந்திருக்க வேண்டும், தொகுதி எண் தாளில் இருக்க வேண்டும். அதே செடியிலுள்ள, போதை தராத சிபிடி என்ற வேதிப்பொருளுக்கு வரம்பு கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்பதால் அதையும் சேர்த்தே அளக்கச் சொல்லிவிடுங்கள். விதையின் உள்ளே டிஎச்சி அநேகமாக இருப்பதில்லை. அறுவடையின்போது பூவிதழ்ச் செதில்களின் பிசின் விதைத் தோலில் ஒட்டிக்கொள்வதால்தான் அது வந்து சேர்கிறது. ஆகவே சுத்தம் செய்த விதத்தைப் பொறுத்து மூட்டைக்கு மூட்டை டிஎச்சி அளவு மாறும். போன தொகுதியின் அறிக்கை இந்தத் தொகுதிக்கு உதவாது.

இனி படமும் சொல்லும். விதையைத் தவிர, செடியின் எந்தப் பகுதியின் படமும் லேபிளில் இருக்கக் கூடாது. என் வடிவமைப்பாளர் முகப்பிலிருந்த இலையை எடுத்துவிட்டார். பின்பக்க முத்திரைக்குள் கட்டைவிரல் நகம் அளவில் ஏழு விரல் இலை ஒன்று தங்கிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. இரண்டாவது அச்சு வீணானது அதனால்தான். மயக்கம், கிறக்கம் ஆகியவற்றைக் குறிப்பால் உணர்த்தும் வாசகமும் கூடாது. "மனம் லேசாகும்" என்ற வரியை நான் மனமில்லாமல்தான் நீக்கினேன்.

பொருளின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கன்னபிஸ், மரிஜுவானா ஆகிய சொற்களும் அவற்றின் பொருள் தரும் சொற்களும் விலக்கப்பட்டிருப்பதால், "கஞ்சா விதை" என்று எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். "சணல் விதை" என்றால் வாங்குபவர் கோணிப்பைச் சணலை நினைப்பார். "ஹெம்ப் விதை" என்றே எழுதுங்கள். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழ் கூடுதலாகத்தான் வரும்.

மற்றவை எல்லா உணவு லேபிளுக்கும் உரியவையே: 14 இலக்க உரிம எண், பச்சை வட்டச் சைவக் குறி, நிகர எடை, வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலை, ஒரு கிராமின் விலை, வாடிக்கையாளர் தொடர்பு விவரம். ஊட்டச்சத்து அட்டவணையில் ஒரு பரிமாறலுக்கான சதவீதத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாளொன்றுக்கான கொழுப்பின் அடிப்படை 67 கிராம். 30 கிராம் விதையில் 14.6 கிராம் கொழுப்பு என்று உங்கள் அறிக்கை சொன்னால், 22 சதவீதம் என்று எழுத வேண்டும்.

வடிவமைக்க இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் போதும். அதில் மில்லிமீட்டரிலேயே வேலை செய்யலாம். அசல் அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, விதை நிரப்பிய பாக்கெட்டில் ஒட்டிப் பாருங்கள். நிரம்பிய பாக்கெட் உப்பும்போது ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். தயாரித்த தேதியோடு காலாவதித் தேதியும் கட்டாயம். "இதற்கு முன் பயன்படுத்துவது நல்லது" என்பது மட்டும் போதாது. அவற்றை அச்சிட வெப்ப ரிப்பன் அச்சுப்பொறியையே வாங்குங்கள். கையடக்க மைப்பொறியில் நான் அச்சிட்ட தேதி, விதையின் எண்ணெய் பட்ட விரலால் ஒருமுறை தேய்த்ததுமே அழிந்துபோனது.